விடையை ரெண்டு வாரம் கழிச்சு போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ரெண்டு விஷயம் சொல்லலாம்னு இதை எழுதறேன். ஒண்ணு, கொஞ்ச நாள் முன்னாடி உங்க வாசகர் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தார், கணக்கும் சயின்ஸும் படிக்கற பசங்க ராத்திரி பூரா குரூப்ல அரட்டை அடிச்சுக்கிட்டு கிடக்கறாங்க, அந்த நேரத்துக்கு நாலு கணக்கு போட்டிருந்தா மார்க்காவது வந்திருக்கும்னு. இன்னொண்ணு உங்க ஞாயித்துக்கிழமை புதிர் பகுதி. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க, எனக்கு ரெண்டும் ஒரே விஷயம்தான், கொஞ்சம் பொறுமையா படிச்சீங்கன்னா புரியும்.

நான் பிசிக்ஸ் படிச்சு முடிச்சு ரொம்ப நாளாச்சு, ஆனா அந்த மாதிரி மாணவர் குரூப் நாலஞ்சுல இன்னும் இருக்கேன், பெரும்பாலும் வாயைத் திறக்காம படிக்கறதோட சரி. அந்த வாசகர் சொன்னது பொய்யில்ல. அரட்டைதான். மீம் வரும், யாரோ நோட்டுல எழுதினதை போட்டோ எடுத்து தலைகீழா அனுப்புவாங்க, ஒருத்தர் ஸ்கொயரை எப்படி டைப் பண்றதுன்னு தெரியாம "எக்ஸ் ரெண்டு"ன்னு போட்டு அது ரெண்டு எக்ஸா எக்ஸ் ஸ்கொயரான்னு பத்து மெசேஜ் சண்டை போகும். இதெல்லாம் போக நடுவுல ஒண்ணு வரும் பாருங்க, அதுக்காகத்தான் நான் இன்னும் வெளிய போகாம உக்காந்திருக்கேன்.

உதாரணத்துக்கு ஒண்ணு சொல்றேன். ஒரு பையன் கேட்டான், 0.999... அப்படின்னு முடிவே இல்லாம 9 போட்டுக்கிட்டே போனா அது 1க்கு சமமாமே, நெசமாவான்னு. உடனே ஒருத்தன் ரெடிமேடா ஒரு பதில் போட்டான், 1ஐ 3ஆல வகுத்தா 0.333..., அதை 3ஆல பெருக்கு, இந்தப் பக்கம் 1 வரும் அந்தப் பக்கம் 0.999... வரும், முடிஞ்சுது கதைன்னு. எல்லாரும் கட்டைவிரல் தூக்கிட்டாங்க. கேட்டவன் விடல. "1ஐ 3ஆல வகுத்தா கரெக்டா 0.333...தான்னு யார் சொன்னா, அதுவும் ஒரு துளி கம்மியாதானே இருக்கும்"னு திருப்பிக் கேட்டான். நாலு பேர் சிரிச்சாங்க, ஆனா கேள்வி ரொம்ப சரி. முதல் பதில் எதையும் நிரூபிக்கல, சந்தேகத்தை ஒரு இடத்துல இருந்து எடுத்து இன்னொரு இடத்துல வெச்சுட்டுப் போயிடுச்சு, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு பொண்ணு வந்தா. ரெண்டும் வேற வேற நம்பர்னா நடுவுல இன்னொரு நம்பர் இருக்கணும்ல, அதைச் சொல்லுன்னா. இவன் யோசிச்சுட்டு, நடுவுல தெரியல, ஆனா வித்தியாசம் 0.000...1ன்னான். அந்த 1 எத்தனாவது இடத்துல இருக்குன்னு அவ கேட்டா. கடைசி இடத்துலன்னான். கடைசின்னு ஒரு இடமே இல்லன்னுதானே மூணு புள்ளி வெச்சிருக்கோம்னா. கொஞ்ச நேரம் யாரும் ஒண்ணும் பேசல. அப்புறம் அவனே எழுதினான், "அப்போ அந்த மூணு புள்ளிக்கு என்னதான் அர்த்தம்?"

இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்துட்டா மீதி எல்லாம் தானா வரும். 0.9, 0.99, 0.999ன்னு போகப் போக 1க்கும் அதுக்கும் இருக்கற இடைவெளி 0.1, 0.01, 0.001ன்னு சுருங்குது, நீ எவ்வளவு சின்ன இடைவெளி சொன்னாலும் ஒரு கட்டத்துக்கு மேல எல்லாமே அதைவிடக் கிட்ட வந்துடும், அப்படி எந்த நம்பரை நெருங்குதோ அந்த நம்பரைத்தான் மூணு புள்ளி வெச்சு எழுதறோம். இதுதான் லிமிட். புத்தகத்துல ஒரே வரியில இருக்கு, பரீட்சையில டெஃபினிஷன் எழுதச் சொன்னா கண்ணை மூடிக்கிட்டு எழுதிடுவாங்க. அந்த வரி எதுக்கு இருக்குன்னு அந்தப் பையனுக்கு அன்னிக்கு ராத்திரிதான் தேவைப்பட்டுது. நாலு கணக்கு போட்டிருந்தா இது வந்திருக்குமா, எனக்குத் தெரிஞ்சு வந்திருக்காது, ஏன்னா கணக்கு போடறப்போ யாரும் "அதெல்லாம் ஒத்துக்க மாட்டேன்"னு சொல்றதில்ல.

அரட்டைன்னா வெட்டின்னு நினைக்கறவங்களுக்கு இன்னொரு தகவல். 2009ல டிமோத்தி கவர்ஸ்ங்கற கணித மேதை (கணக்குல ரொம்பப் பெரிய விருதான ஃபீல்ட்ஸ் மெடல் வாங்கினவர்) ஒரு பெரிய ஆராய்ச்சிக் கேள்வியை இணையத்துல பொதுவுல போட்டு, யார் வேணும்னாலும் வாங்க சேர்ந்து யோசிப்போம்னார். அதுக்கு அவர் போட்ட விதிமுறைதான் சுவாரசியம். கமெண்ட் சின்னதா இருக்கணும், அரைகுறை ஐடியாவா இருந்தாலும் சொல்லலாம், ஒருத்தரா ரூமுக்குள்ள போய் ரொம்ப நாள் யோசிச்சு முடிச்சுட்டு வரக்கூடாது. சில வாரத்துலயே நல்ல வழி கிடைச்சுடுச்சு. பாலிமேத்னு அதுக்குப் பேரு. 2013ல யீடாங் ஜாங்ங்கற கணித ஆராய்ச்சியாளர், இடைவெளி 7 கோடிக்குள்ள இருக்கற பகா எண் ஜோடிகள் முடிவில்லாம வந்துக்கிட்டே இருக்கும்னு நிரூபிச்சப்போ, இதே மாதிரி ஒரு கூட்டம் சேர்ந்து அந்த 7 கோடியைக் குறைச்சுக்கிட்டே வந்து, நடுவுல ஜேம்ஸ் மேனார்ட்ங்கற இன்னொரு கணித ஆராய்ச்சியாளரோட புது வழியும் சேர்ந்து, 2014ல 246ன்னு கொண்டுவந்து நிறுத்திட்டாங்க. 7 கோடி எங்க 246 எங்க. பெரிய ஆளுங்களே அரைகுறையா பேசித்தான் வேலை பாக்கறாங்க, பசங்க பேசினா மட்டும் என்ன குத்தம்.

சரி, குரூப்ல எல்லாம் தேனாறு ஓடுதுன்னு சொல்ல வரல. கெடுக்கற விஷயம் இருக்கு, ஆனா அது அந்த வாசகர் சொன்ன அரட்டை இல்ல.

முதல்ல, பதிலைக் கொட்டறது. முன்னெல்லாம் ஒருத்தர் டவுட் கேட்டா "நீ எதுவரைக்கும் போட்ட"ன்னு ஒரு எதிர்க்கேள்வி வரும், அதுதான் ஒரு நல்ல சீனியரோட அடையாளம். இப்போ கேள்வியை அப்படியே ஏஐ கிட்ட போட்டு, வந்த இருபது ஸ்டெப்பையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டிட்டு ஒரு கூலிங் கிளாஸ் ஸ்மைலி. கேட்டவனும் தேங்க்ஸ் ப்ரோன்னு போயிடறான். நடுவுல ஒரு ஸ்டெப் தப்பா இருந்தாலும் யாரும் பாக்கறதில்ல, ஏன்னா அதை எழுதின ஆள் அங்க இல்ல, யார்கிட்ட போய் சண்டை போடறது. ஏ, பி ரெண்டும் சமம்னு ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் ஏ மைனஸ் பியால வகுத்து கடைசியில 2 = 1ன்னு கொண்டுவர்ற பழைய தந்திரம் ஒண்ணு இருக்கே, அதுல பூஜ்யத்தால வகுத்திருக்காங்கன்னு ஒரு காலத்துல குரூப்ல சின்னப் பசங்களே கண்டுபிடிச்சு குதிப்பாங்க. இப்போ அதுக்கும் விளக்கம் முப்பது செகண்ட்ல ஒட்டியாச்சு, குதிக்கறதுக்கு யாருக்கும் நேரம் கிடைக்கல.

ரெண்டாவது இதைவிட மோசம், "இது கூட தெரியாதா". தமிழ்ல கேட்டாலும் சரி, ஸ்டைலா "ட்ரிவியல்"னு ஒத்த வார்த்தையில போட்டாலும் சரி, அடுத்த தடவை அந்த ஆள் கேக்கவே மாட்டாங்க. பொண்ணுங்கதான் முதல்ல வாயை மூடிக்கறாங்கன்னு நான் பாத்த வரைக்கும் சொல்வேன்.

இதுக்கு எம்பெம்பா கதையைத் தெரியாத சயின்ஸ் மாணவர் இருக்கவே கூடாது. டான்சானியாவுல 1963ல எராஸ்டோ எம்பெம்பான்னு ஒரு ஸ்கூல் பையன், ஐஸ்கிரீம் செய்யறப்போ மத்தவங்க பாலைக் காய்ச்சி ஆற வெச்சு ஃப்ரீசர்ல வைக்க, இவன் இடம் போயிடும்னு சூடாவே உள்ள தள்ளிட்டான், பாத்தா இவனுது முதல்ல உறைஞ்சுடுச்சு. ஏன்னு கேட்டா, நீ குழம்பிட்டன்னு டீச்சர் சொன்னார். அப்புறம் வேற ஸ்கூல் போயும் விடாம கேட்டுக்கிட்டே இருந்தான், கூடப் படிச்சவங்க கேலி பண்ணாங்க. டெனிஸ் ஆஸ்போர்ன்ங்கற பேராசிரியர் அங்க பேச வந்தப்போ எல்லார் முன்னாடியும் அதையே கேட்டான். அவர் சிரிக்காம, செஞ்சு பாக்கறேன்னு சொல்லி, நிஜமாவே செஞ்சு பாத்து, 1969ல ரெண்டு பேரும் சேர்ந்து கட்டுரை போட்டாங்க. சூடானது ஆறினதை முந்தி உறையற அந்த விளைவுக்கே இன்னிக்கு அவன் பேருதான்.

இதோட நிறுத்தினா ஏதோ சாதனைக் கதை மாதிரி ஆயிடும், விஷயம் இன்னும் இருக்கு. 2016ல பர்ரிட்ஜ், லிண்டன்னு ரெண்டு பேர் கவனமா திரும்ப அளந்து பாத்துட்டு, சாதாரணத் தண்ணியில இந்த விளைவுக்கு நம்பற மாதிரி ஆதாரமே இல்லன்னு எழுதினாங்க. தெர்மாமீட்டரை ஒரு சென்டிமீட்டர் மேல கீழ வெச்சாலே இல்லாத விளைவு இருக்கற மாதிரி தெரியுமாம். இன்னும் சண்டை ஓயல. அப்போ அந்தப் பையன் கேட்டது தப்பான்னா, இல்லவே இல்ல, ஒரு கேள்வி இத்தனை வருஷம் ஆளுங்களை ஃப்ரீசர் முன்னாடி நிக்க வெச்சிருக்கு. குரூப்ல இதைப் பத்திப் பேச்சு வந்தா, கிளாஸ் எந்த மெட்டீரியல், மூடி வெச்சதா திறந்ததா, உறைஞ்சதுன்னா மேல லேசா ஏடு கட்டினதா முழுக்கக் கட்டியானதான்னு பசங்க பிரிச்சுப் பேச ஆரம்பிச்சுடறாங்க. பரிசோதனைன்னா என்னன்னு கத்துக்க இதைவிட நல்ல பாடம் லேப் ரெக்கார்டுல கிடையாது, அங்க விடை முன்னாடியே தெரியும், ரீடிங்கை அதுக்கு ஏத்த மாதிரி எழுதறதுதான் வேலை.

மூணாவதா ஒரு குறை, பாதி விஷயத்தை மட்டும் பரப்பறது. 1+2+3+4ன்னு கூட்டிக்கிட்டே போனா மைனஸ் 12ல 1 பங்கு வரும், ராமானுஜனே சொல்லிட்டார்னு மாசத்துக்கு ஒருத்தராவது தூக்கிக்கிட்டு வருவாங்க. சொன்னார்தான். 1913ல இங்கிலாந்து கணித மேதை ஹார்டிக்கு எழுதின கடிதத்துல "என் தியரிப்படி"ன்னு சேர்த்துத்தான் சொன்னார், இதைச் சொன்னா என்னைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வழி காட்டுவீங்கன்னு அவரே கிண்டலாவும் எழுதினார். ஃபார்வர்ட்ல வர்றப்போ அந்த "என் தியரிப்படி" மட்டும் காணாம போயிடுது. சாதாரணக் கூட்டல்ல அந்தத் தொடருக்கு மதிப்பே கிடையாது, கூட்டக் கூட்ட ஏறிக்கிட்டே போகும். வேற ஒரு விதியை வெச்சு அதுக்கு ஒரு நம்பர் கொடுக்கலாம், அந்த விதி என்னன்னு கேக்கறதுதான் கணக்கு. இங்கயும் அந்த மூணு புள்ளி பண்ற வேலைதான்.

இப்போ உங்க பக்கம் வர்றேன் சார்.

நீங்க ஒரு தடவை புதிர் பகுதியில 8÷2(2+2) எவ்வளவுன்னு போட்டு, பெரும்பாலானவங்க தப்பா சொல்ற கணக்குன்னு தலைப்பு வெச்சிருந்தீங்க. 2019ல உலகம் பூரா சுத்தின விஷயம்தான் அது. பாதிப் பேர் 16ம்பாங்க, பாதிப் பேர் 1ம்பாங்க, ரெண்டு பேருமே கூட்டல் கழித்தல் தெரியாதவங்க இல்ல. எழுதின விதம் குழப்பம், அவ்வளவுதான். மேல கீழ போட்டு பின்னமா எழுதிட்டா சண்டையே இல்ல, கணக்கு பாக்கற யாரும் அந்த ÷ குறியை அப்படி நடுவுல வெச்சு எழுதவும் மாட்டாங்க. இதைப் போட்டா ரெண்டு நாள் சத்தம் வரும், யாருக்கும் ஒண்ணும் தெரியவராது. குரூப்லயும் இது வந்தா நான் போனைக் கவுத்து வெச்சுடுவேன்.

ஆனா ஒரு பத்திரிகை நினைச்சா என்ன பண்ணலாம்னு பாருங்க. 1990ல அமெரிக்காவுல மேரிலின் வாஸ் சவான்ட்ங்கற அம்மா ஒரு வார இதழ்ல வாசகர் கேள்விக்கு பதில் எழுதிக்கிட்டு இருந்தாங்க. மூணு கதவு, ஒண்ணுக்குப் பின்னாடி கார், மத்த ரெண்டுக்குப் பின்னாடி ஆடு. நீங்க ஒரு கதவைச் சொல்றீங்க, கார் எங்கன்னு தெரிஞ்ச நிகழ்ச்சிக்காரர் மீதி ரெண்டுல ஆடு இருக்கற ஒண்ணைத் திறந்து காட்டிட்டு, மாத்திக்கறீங்களான்னு கேக்கறார். மாத்தினா ஜெயிக்க 3ல 2 வாய்ப்புன்னு அந்த அம்மா எழுதினாங்க. கிட்டத்தட்ட 10,000 கடிதம் வந்துச்சு, முக்கால்வாசி நீங்க தப்புன்னு. அதுல 1,000 பேர் வரைக்கும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. சரியா சொன்னது அந்த அம்மாதான். பால் எர்டிஷ் மாதிரி ஒரு கணித மலையே முதல்ல ஒத்துக்கல, கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டினப்புறம்தான் இறங்கி வந்தார்.

குரூப்ல இது வர்றப்போ யாராவது ஒருத்தர் மூணு கதவுக்கு பதிலா நூறு கதவுன்னு வெச்சுக்கோ, நீ ஒண்ணைத் தொட்டுட்ட, அவர் 98ஐத் திறந்துட்டார்னு சொல்வாங்க, பாதிப் பேருக்கு அங்கயே பல்ப் எரியும். மீதிப் பேர்ல ஒரு புத்திசாலி கேப்பான், அவருக்குக் கார் எங்கன்னு தெரியாம குருட்டாம்போக்குல திறந்து ஆடு வந்திருந்தாலும் இதே பதிலான்னு. இல்ல, அப்போ மாத்தினாலும் மாத்தலன்னாலும் பாதிக்குப் பாதிதான். அதே கதவு, அதே ஆடு, திறந்தவருக்கு என்ன தெரியும்ங்கறதை வெச்சு விடை மாறுது. இதை ஒரு கிளாஸ்ல மணிக்கணக்கா நடத்தலாம், எந்த சிலபஸ்லயும் அதுக்கு இடமில்ல.

அந்த அம்மா செஞ்சதுதான் எனக்குப் புடிச்சது. திட்டி வந்த கடிதங்களைப் போட்டாங்க, படிச்சவங்க பேரோடயே போட்டாங்க. அப்புறம் ஸ்கூல் பசங்களைக் கிளாஸ்ல கப்பும் காசும் வெச்சு நூத்துக்கணக்கான தடவை விளையாடிப் பாக்கச் சொல்லி, அவங்க அனுப்பின முடிவுகளையும் போட்டாங்க. விடையை முதல் வாரமே சொல்லியாச்சு, ஆனா பேச்சு முடியவே இல்ல.

உங்க பகுதியில கேள்வி மேல இருக்கு, விடை அதே பக்கத்துல கீழ தலைகீழா இருக்கு. பேப்பரைத் திருப்பினா போச்சு. என் கோரிக்கை ரொம்ப சின்னது. விடையை ரெண்டு வாரம் தள்ளிப் போடுங்க. நடுவுல ஒரு வாரம் வாசகர்கள் எழுதி அனுப்பின யோசனைகளைப் போடுங்க, தப்பானதையும் சேர்த்து, ஏன் அப்படி நினைச்சாங்கங்கற காரணத்தோட. சரியான விடை அனுப்பின 40 பேர் பேரைப் பட்டியல் போடறதுக்கு பதிலா, அழகா தப்பு பண்ணின ரெண்டு பேரோட வழியைப் போடலாம். இடம் இல்லன்னு சொல்லாதீங்க, அந்த 40 பேர் பட்டியலை எடுத்தாலே இடம் வந்துடும்.

இது புதுசு ஒண்ணும் இல்ல. 1911ல ராமானுஜன் இந்தியக் கணிதக் கழகத்தோட இதழ்ல வாசகர்களுக்கு ஒரு கேள்வி போட்டார், ரூட்டுக்குள்ள 1 + 2 தடவை ரூட், அந்த ரூட்டுக்குள்ள 1 + 3 தடவை ரூட், அதுக்குள்ள 1 + 4 தடவைன்னு முடிவில்லாம போற ஒரு சமாச்சாரம், மதிப்பு என்னன்னு. மாசக்கணக்கா காத்திருந்தும் யாரும் விடை அனுப்பல, கடைசியில அவரே சொன்னார், 3. எப்படின்னா 9 = 1 + 2×4, அதனால 3ங்கறது அந்த மொத்தத்தோட ரூட். அந்த 4ஐ எடுத்தா 16 = 1 + 3×5. அந்த 5ஐ எடுத்தா 25 = 1 + 4×6. இப்படியே போகலாம். அழகுதான், ஆனா ஒரு தடவை குரூப்ல இது வந்தப்போ ஒருத்தி கேட்டா, ஒவ்வொரு தடவையும் கடைசியில ஒரு நம்பர் மிச்சம் நிக்குதே, 4, 5, 6ன்னு அது பெருசாகிக்கிட்டே வேற போகுது, அதை எப்படித் தூக்கிப் போட்டீங்க, இதே மாதிரி ஆரம்பிச்சு 4ன்னு கூட விடை கொண்டுவரலாமேன்னு. கொண்டுவரலாம்தான், பின்னமெல்லாம் வரும், ஆனா கொண்டுவரலாம். அப்போ 3தான் சரின்னு எப்படி முடிவு பண்றது, மிச்சத்தைத் தூக்கிட்டு ஒவ்வொரு கட்டமா நிறுத்திப் பாத்தா எதை நெருங்குதுன்னு பாக்கணும், அதுக்குத் தனியா ஒரு ப்ரூஃப் வேணும். அன்னிக்குக் குரூப்ல மறுநாள் பரீட்சை இருந்தவங்களும் இருந்தாங்க, அந்த வாசகர் கோவிச்சுக்கிட்டது இந்த மாதிரி ராத்திரியைப் பாத்துத்தான்னு நினைக்கறேன்.

முதல் வாரத்துக்கு ஒரு கேள்வி நானே தர்றேன், பழசுதான், ஆனா குரூப்ல எப்போ போட்டாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாம ஓடும். ஒரு சின்னக் குளம், அதுல ஒரு படகு, படகுல ஒரு ஆளும் ஒரு பெரிய கல்லும். அவர் கல்லைத் தூக்கிக் குளத்துக்குள்ள போடறார், கல்லு அடிக்குப் போயிடுது. குளத்தோட தண்ணி மட்டம் ஏறுமா, இறங்குமா, அப்படியே இருக்குமா? கல்லுக்கு பதிலா மிதக்கற மரக்கட்டையா இருந்தா? விடையை இதோட சேர்த்து அனுப்பல, வர்ற கடிதங்களைப் பாத்துட்டு அனுப்பறேன்.

இப்படிக்கு,
உங்க ஞாயிறு புதிரை முதல்ல படிக்கற ஒரு வாசகர்